விளக்கெண்ணெய் விமானம்

"விளக்கெண்ணெய் அரை லிட்டர் கொடுங்க" என்றேன்.

கோவை டவுன்ஹால் பக்கத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழந்தைக்குங்களா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கா? அரை லிட்டர் எதுக்குங்க... ரெண்டு ஸ்பூன் போதுமே!" குரலில் நிஜமான கவலை.

"எனக்கில்லீங்க. ஏரோப்ளேனுக்கு."

பக்கத்தில் கடுக்காய் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் அரை அடி தள்ளி நின்றுகொண்டார். கடைக்காரர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, மீதிச் சில்லறையை ரொம்ப ஜாக்கிரதையாக என் உள்ளங்கையில் வைத்தார். கடிக்கிற நாய்க்கு பிஸ்கட் நீட்டுவோமே, அந்த மாதிரி.

சத்தியமாக ஏரோப்ளேனுக்குத்தான் ஸார். நாலடி இறக்கை, ஒரு கிலோவும் சொச்சமும் எடை, மூக்கில் கைப்பிடி அளவுக்கு ஒரு என்ஜின். அந்த என்ஜின் விளக்கெண்ணெய் இல்லாமல் ஓடாது. என்னை அந்தக் கடைக்கு அனுப்பியவர் லேத் மாமா.

லேத் மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. எங்கள் தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருந்ததால் தெருவுக்கே லேத் மாமா. அதற்கு முன்னால் ஏர்ஃபோர்ஸில் இருபது வருஷம் என்ஜின் ஃபிட்டர். பகலில் பம்ப் ஷாஃப்ட் கடைவார். ராத்திரி பால்ஸா கட்டையைச் சீவி விமானம் செய்வார். இப்போது வயது 75. பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார். விமானத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி அவரிடமிருந்து போன்.

"கண்ணு, புதுசா ஒரு பிளேன் கட்டியிருக்கறேன். எனக்குக் காது வேணும்."

"என்ன வேணும் மாமா?"

"காது! உன்ற காது! என்ற காது போச்சு. என்ஜின் மாறுற சத்தம் கேக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வா. வரும்போது விளக்கெண்ணெய் வாங்கிட்டு வா."

போனை வைத்துவிட்டேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் லேத் மாமாவின் விமானம் ஒன்றை நான் கொன்றிருக்கிறேன். அதைப் பற்றி அவரிடம் ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். 2008-ல் சொன்ன பொய்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

*

இது ரிமோட் விமானம் இல்லை. ட்ரோனும் இல்லை. 'கன்ட்ரோல் லைன்' என்று பெயர். நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். கையில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகள், சுமார் 18 மீட்டர் நீளம். மறுமுனையில் விமானம். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு விமானம் மூக்கைத் தூக்கும். கீழே சாய்த்தால் மூக்கைக் குத்தும். அவ்வளவுதான் கன்ட்ரோல். விமானம் உங்களைச் சுற்றிச் சுற்றி வரும், செக்குமாடு மாதிரி. என்ன, இந்த மாடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிலோ விமானம் மூன்று கிலோ கனத்தோடு கையை இழுக்கும்.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்து ஜிம் வாக்கர் என்பவர் 1940-களில் இதைப் பெரிய வியாபாரமாக்கினார். ஒரே நேரத்தில் மூன்று விமானங்களைச் சுழற்றிக் காட்டுவாராம் மனிதர். பேடண்ட்டும் வாங்கி வைத்திருந்தார். அப்புறம் 1950-களில் கோர்ட்டில் வழக்கு வந்தபோது, ஓபா செயிண்ட் கிளேர் என்ற இன்னொரு ஆசாமி அவருக்கு முன்பே இதைச் செய்து பறக்கவிட்டிருக்கிறார் என்று தெரிந்து பேடண்ட் போயிற்று. எந்தத் தொழிலிலும் முதலில் செய்தவர் ஒருவர், முதலில் பில் போட்டவர் இன்னொருவர்.

நம் ஊரில் இது பெரும்பாலும் என்.சி.சி. விமானப் பிரிவின் புண்ணியம். காக்கி இல்லாமல் நீல யூனிஃபார்ம் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக, பி.காம். முதல் வருஷத்தில் நானும் அதில் சேர்ந்தேன். நீல யூனிஃபார்மைப் பார்த்து எந்தப் பெண்ணும் திரும்பவில்லை. லேத் மாமாதான் திரும்பினார்.

"ஏங் கண்ணு, ஏர் விங்கா? பிளேன் உடத் தெரியுமா?"

"தெரியாதுங்க மாமா."

"நாளைக்கு வா."

முதல் மூன்று நாள் தலை சுற்றி மைதானத்தில் விழுந்ததுதான் மிச்சம். "மரத்தப் பாக்காத, மட்டத்தப் பாக்காத, பிளேன மட்டும் பாரு" என்றார். விமானத்தை மட்டுமே பார்த்தால் தலை சுற்றாது. உலகம் சுற்றும், நாம் நிற்போம். நாலாம் நாளிலிருந்து பழகிவிட்டது.

பறக்க வைப்பது சுலபம். குட்டிக்கரணம் போட வைக்கவேண்டும். மேலே ஏறி ஒரு வட்டம், தலைகீழாக இரண்டு சுற்று, சதுரம், முக்கோணம், எட்டு, தலைக்கு மேலே ஒரு எட்டு, நாலு இதழ் பூ... இதெல்லாம் சேர்ந்ததுதான் 'ஸ்டண்ட்'. வட்டத்தின் அடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். அதாவது உங்கள் தோள் உயரம். அங்கே என்ஜின் ஒரு தடவை தும்மினால் கதை முடிந்தது.

இங்கேதான் என்ஜின் வருகிறது. இந்த மாதிரி விமானத்தில் பறக்கும்போது ஆக்ஸிலேட்டர் கிடையாது. தரையில் ஒரு தடவை செட் பண்ணுவதோடு சரி. அப்புறம் டாங்க் காலியாகும் வரை, கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பா மாதிரி நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

*

என்ஜினைப் பற்றிக் கொஞ்சம்.

இதில் பெட்ரோல் இல்லை. மெத்தனால், நைட்ரோமீத்தேன் கொஞ்சம், விளக்கெண்ணெய். மெத்தனாலில் சாதாரண மினரல் இன்ஜின் ஆயில் கலக்காது, விளக்கெண்ணெய் கலக்கும். சூடு ஏற ஏற மற்ற எண்ணெய்கள் ஓடிப்போகும்போது இது மட்டும் ஒட்டிக்கொண்டு காப்பாற்றும். முதல் உலகப் போரில் சோப்வித் கேமல் மாதிரி விமானங்களின் ரோட்டரி என்ஜின்களுக்கும் இதே எண்ணெய்தான். எரியாத எண்ணெய்ப் புகை பைலட் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். எதிரிக்கு முன்னால் வயிறு கலங்கியதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் மேலே விளக்கவேண்டியதில்லை.

மெத்தனால் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மாமாவே எரிபொருளைக் கலப்பார். அந்த கேனை இரும்பு அலமாரியில் பூட்டி, மண்டை ஓடு வரைந்து, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். "இது தீர்த்தம் இல்ல, எமன்" என்பார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செய்தியைப் படித்த அன்றே மாமா மீதி கேனை முறைப்படி ஒப்படைத்துவிட்டுக் கலப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது விமானக் கடையில் விற்கும் தயார் எரிபொருள்தான். அதில் எண்ணெய் கம்மி. பழைய பாணி இரும்பு பிஸ்டன் என்ஜினுக்குப் போதாது. அதனால்தான் மேல்கொண்டு விளக்கெண்ணெய். அதனால்தான் நாட்டு மருந்துக் கடையில் என் மானம் போனது.

இதில் தீப்பொறி உண்டாக்கக் காயில், மேக்னெட்டோ எதுவும் கிடையாது. ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'க்ளோ ப்ளக்' இருக்கிறது. உள்ளே முடி மாதிரி ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். ஒன்றரை வோல்ட் பேட்டரியால் ஒரு தடவை சிவக்க வைத்து, விசிறியை விரலால் தட்டினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிடலாம். பிளாட்டினமும் மெத்தனாலும் சேர்ந்து தங்களுக்குள் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். விரலை எடுக்கத் தாமதமானால் விசிறி விரலைப் பிடித்துக்கொள்ளும். என் வலது ஆள்காட்டி விரலில் அதற்கான கையெழுத்து இருக்கிறது.

கடைசியாக ஊசி. காற்றோடு எவ்வளவு எரிபொருள் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு சின்னத் திருகு. திருகும்போது 'டிக், டிக்' என்று பற்கள் தட்டும். திறந்தால் எரிபொருள் அதிகம், அதற்குப் பெயர் ரிச். மூடினால் குறைவு, அது லீன்.

ரிச் ஆசாமி சோம்பலாக, புகை விட்டுக்கொண்டு, ஒரு வேலையை இரண்டு தடவை யோசித்துச் செய்வார். லீன் ஆசாமி உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டு ஓடி, சூடாகி, பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். வெளி உலகத்திலும் ஏறக்குறைய இதேதான்.

எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் எது உச்ச வேகமோ அங்கே வைத்துவிட்டால் போதாதா?

போதாது. மாமா சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

ஸ்டண்ட் என்ஜினைத் தரையில் உச்சத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. வேண்டுமென்றே ரிச்சாக விடவேண்டும். அப்போது எரிபொருள் மிதமிஞ்சிப் போவதால், ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்க வேண்டிய என்ஜின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். 'கட கட கட கட' என்று கிழவர் இருமுகிற சத்தம். இதற்கு 'ஃபோர் ஸ்ட்ரோக்' என்று பெயர், அது டூ ஸ்ட்ரோக் என்ஜினாகவே இருந்தாலும்.

விமானம் மட்டமாகப் பறக்கும்போது இப்படி இருமிக்கொண்டே போகும். மூக்கைத் தூக்கி மேலே ஏற்றுங்கள். விசிறிக்குச் சுமை கூடும். டாங்க் என்ஜினுக்குப் பின்னால் இருப்பதால் எரிபொருள் இப்போது மேட்டில் ஏறவேண்டும். அதனால் வரத்து கொஞ்சம் குறையும். ரிச்சாக இருந்தது சரியான அளவுக்கு வரும். உடனே இருமல் நின்று 'ங்ங்ஈஈஈ' என்று ஒரே சீராகப் பாடும். முழு பலமும் வந்துவிடும், சரியாக வேண்டிய இடத்தில்! மேலே போய் இறங்கி மட்டத்துக்கு வந்ததும் மறுபடி 'கட கட'. யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. என்ஜின் தானாகவே மேட்டில் மிதித்து, பள்ளத்தில் காலை எடுக்கிறது.

ஃபோர்-டூ-ஃபோர் என்பார்கள். 1940-களின் கடைசியில் ட்யூக் ஃபாக்ஸ் என்பவர் கொண்டுவந்த 'ஃபாக்ஸ் 35' என்ற என்ஜின் இதற்குப் பேர்போனது. ஜார்ஜ் ஆல்ட்ரிச்சின் 'நோப்ளர்' விமானத்தில் அதை மாட்டி ஒரு தலைமுறையே பறந்தது. இன்று உலகப் போட்டிகளில் பேட்டரி மோட்டார்கள் சகஜம். அவற்றிலும் சிலர், ஏறும்போது மட்டும் பலம் கூடுகிற மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் வைத்து இதே வேலையைச் செய்ய வைக்கிறார்கள். அன்றைக்கு ஒரு ஊசி செய்த வேலை!

எப்படிச் சோதிப்பது? உதவியாளர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கவேண்டும். இருமிக்கொண்டிருந்த என்ஜின் பாட ஆரம்பித்தால் சரி. ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது முனக ஆரம்பித்தால் லீன், ஊசியைத் திற. இதிலும் காலையில் வைத்த ஊசி மத்தியானத்துக்கு ஆகாது. குளிர்ந்த காற்று கெட்டி, எரிபொருள் கூட வேண்டும். வெயில் ஏறினால் ஒரு கிளிக், இரண்டு கிளிக் மூடவேண்டும்.

"கீழ கத்துற என்ஜின் மேல செத்துப்போகும் கண்ணு. கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டு ஏறோணும்" என்பார் மாமா.

*

2008. நான் பி.காம். இரண்டாம் வருஷம். கல்லூரிகளுக்குள் ஒரு ஏரோமாடலிங் போட்டி. எங்கள் விமானத்தின் இறக்கை பயிற்சியிலேயே முறிந்துவிட்டது. மாமா ஒரு வார்த்தை கேட்காமல் தன் சிவப்பு விமானத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாத ராத்திரி வேலை. இறக்கையில் ஒட்டின டிஷ்யூ பேப்பருக்கு மேல் எட்டு கோட்டிங் பெயிண்ட். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

என்ஜினையும் அவரே ஸ்டார்ட் செய்து, மூக்கைத் தூக்கிப் பார்த்து, ஊசியை வைத்துக் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

எனக்கு முன்னால் பறந்த பையனின் என்ஜின் மைதானத்தையே கிழித்தது. என்ன ஒரு சத்தம்! பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதாவது பார்த்தார்கள். அடுத்து என் முறை. 'கட கட கட கட...'

"என்னடா இது, மொபெட்டா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்தொன்பது வயது. அந்த வயதில் தோற்பதைத் தாங்கிக்கொள்ளலாம். சிரிப்பைத் தாங்க முடியாது. மாமா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஊசியை மூடினேன். டிக். கொஞ்சம் வேகம் கூடிற்று. டிக். இன்னும். டிக், டிக். ஆஹா! 'ங்ங்ஈஈஈ!' மைதானம் கிழிந்தது. சிரிப்பும் நின்றது.

விமானம் கிளம்பியது. இரண்டு சுற்று அம்பு மாதிரி போயிற்று. என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பத்து விநாடி. அப்புறம் செங்குத்தாக ஏறித் தலைக்கு மேலே கடக்கவேண்டும். மணிக்கட்டைச் சாய்த்தேன். ஏறிற்று. ஏற ஏற, ஏற்கெனவே குறைவாக இருந்த எரிபொருள் இன்னும் குறைந்தது. 'ங்ங்ஈஈ' என்றது 'ம்ம்ம்' என்றது. சரியாக என் தலைக்கு மேலே அமைதி.

அந்த அமைதியை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும்.

என்ஜின் நின்றால் வேகம் போகும். வேகம் போனால் கம்பி தொய்யும். கம்பி தொய்ந்தால் கையில் இருப்பது வெறும் கைப்பிடி. பின்னால் ஓடினேன், கம்பியை இறுக்க. கால் தடுக்கி மல்லாந்து விழுந்தேன். மல்லாந்தபடியே பார்த்தேன். சிவப்பு விமானம் ஒரு காகிதம் மாதிரி ஆடி ஆடி இறங்கி, கடைசி நிமிஷத்தில் ஒரு கல் மாதிரி விழுந்தது.

மாமா மெதுவாக நடந்து வந்தார். தோளில் இருந்த துண்டை விரித்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிப் போட்டார். என்ஜினை எடுத்து மண்ணை ஊதினார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை கிளிக்?"

தொண்டை அடைத்தது. "ஒண்ணுதானுங்க மாமா" என்றேன்.

"சரி."

என்ஜினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

கம்பெனி லாபம் முழுவதையும் டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடக்கூடாது, ஒரு பங்கை ரிசர்வில் போட்டுவைக்க வேண்டும் என்று பி.காம்.-ல் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்குப் பத்துக்கு எட்டு மார்க். மைதானத்தில் அதே கேள்வி வந்தபோது, இருந்த ரிசர்வை எல்லாம் கைதட்டலுக்காக ஒரே தவணையில் பட்டுவாடா செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் அந்தத் தெருக்கோடிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். மாமா என் கல்யாணத்துக்கு வந்தார். 501 ரூபாய் மொய் எழுதினார். எங்கே பார்த்தாலும் "நல்லா இருக்கியா கண்ணு?" என்பார். விமானப் பேச்சே எடுக்கமாட்டார். அதுதான் ரொம்பச் சங்கடமாக இருந்தது. திட்டியிருந்தால் அன்றைக்கே பைசல் ஆகியிருக்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். மார்கழிக் குளிர். மாமா வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் வானத்தைப் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் கரண்ட் கம்பி இல்லையே என்று. இரும்புக் கம்பி பிடித்து விளையாடுகிறவனின் முதல் விதி அது. அப்புறம் கம்பிகளை விரித்து, கைப்பிடியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். விமானத்தின் எடையைப் போல் பத்து மடங்கு தாங்கவேண்டும்.

விமானத்தைத் துணியிலிருந்து எடுத்தார். சிவப்பு.

மூக்கில் இருந்த என்ஜினைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு பழைய நசுங்கல். அதே என்ஜின்!

"டாக்டர் சுத்தக் கூடாதுன்னுட்டாரு. காதுக்குள்ள பேலன்ஸ் போச்சாம். நீதான் உடோணும். நான் புடிக்கறேன்" என்றார் மாமா.

"மாமா, நான் உட்டுப் பல வருஷம்..."

"கை மறக்காது. பிளேன மட்டும் பாரு."

விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளை ஊற்றினோம். இரண்டு தட்டு. பிடித்துக்கொண்டது. எரிந்த விளக்கெண்ணெய் வாசனை! அதை ஒரு தடவை முகர்ந்தவனுக்கு, வேறு எந்த வாசனையும் அவ்வளவு சீக்கிரம் பத்தொன்பது வயதைத் திருப்பிக் கொடுக்காது.

மாமா விமானத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மூக்கைத் தூக்கினார். காது கேட்காதவர் கையால் கேட்கிறார். "எப்படி இருக்குது?" என்று கத்தினார்.

பாடிக்கொண்டிருந்த என்ஜின் லேசாக முனகியது. லீன். குளிர் காற்று. ஊசியை இரண்டு கிளிக் திறக்கவேண்டும்.

"லீன் மாமா! தொறக்கோணும்!"

"எத்தனை கிளிக்?"

அதே கேள்வி. அதே குரல். அதே என்ஜின் அவர் கையில். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, வேறு எதையோ சொல்ல வாய் திறந்தேன்.

"மாமா... அன்னிக்கு ஒண்ணு இல்லீங்க. நாலு!"

"என்னது?"

"நாலு! அன்னிக்கு நாலு கிளிக்!"

"நாலா? சரி!"

டிக், டிக், டிக், டிக். மாமா ஊசியை நாலு கிளிக் திறந்துவிட்டார்.

நான் தடுப்பதற்குள், "போ, போ, கைப்பிடியப் புடி!" என்று விரட்டினார். ஓடிப்போய்ப் பிடித்தேன். விட்டார்.

இவ்வளவு ரிச்சான விமானத்தை நான் பார்த்ததில்லை. முதுகில் வெள்ளைப் புகை. 'கட... கட... கட...' எருமை மாடு குளத்திலிருந்து ஏறுகிற அவசரத்தில் பறந்தது. குட்டிக்கரணம் போட நினைக்கவே இல்லை. மட்டமாகவே சுற்றினேன். ஆனால் ஒன்று. ஒரு தடவைகூடத் தும்மவில்லை. டாங்க் காலியாகும் வரை பொறுமையாகச் சுற்றிவிட்டு, பூனை மாதிரி இறங்கியது. அதிகமாக ரிச்சாக இருந்து செத்த விமானம் இல்லை என்று மாமா சொல்வது நிஜம்தான்.

"நாலு ஜாஸ்தி" என்றார் மாமா, துடைத்துக்கொண்டே.

இரண்டாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு கிளிக் மூடினார். வெயிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. மூக்கைத் தூக்கியதும் 'கட கட' மாறி 'ங்ங்ஈஈ' என்று பாடியது. மாமா தலையை ஆட்டினார். கையில் தெரிந்திருக்கிறது.

மேலே ஏற்றினேன். பயத்தில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேலே, 2008-ல் அமைதி வந்த அதே இடத்தில், என்ஜின் தொண்டையைத் திறந்து பாடியது. கடந்து இறங்கி மட்டத்துக்கு வந்ததும் மறுபடி இருமியது. ஒரு வட்டம். இரண்டு. மூன்று. ஏறும்போது பாட்டு, இறங்கும்போது இருமல். நாலாவது சுற்றில் வட்டத்துக்கு வெளியே நின்ற மாமா ஒரு கணம் கண்ணில் பட்டார். விமானத்தை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் வந்து கேட்டார். "மாறுச்சா?"

"மாறுச்சுங்க மாமா. ஏறும்போது மாறி, எறங்கும்போது திரும்புச்சு. ஒவ்வொரு தடவையும்."

"ம்." அவ்வளவுதான். அப்புறம் ரொம்ப நேரம் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் டீக்கடை. சத்தம் இல்லாத இடம். டீ வரட்டும் என்று காத்திருந்து, அவர் கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னேன்.

"மாமா, அன்னிக்குப் போட்டியில நான் மூடினது ஒரு கிளிக் இல்லீங்க. நாலு. பொய் சொல்லிட்டேன்."

மாமா டீயை ஆற்றினார்.

"தெரியும்."

"தெரியுமா? எப்படிங்க?"

"ஊசி உடையலையே கண்ணு. வீட்டுக்குப் போயி மூடி எண்ணுனேன். நான் வெச்சதுக்கு நாலு கம்மி."

"அப்புறம் ஏன் மாமா ஒண்ணுமே கேக்கலே?"

மாமா கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டனே! எத்தனை கிளிக்னு அன்னிக்கே கேட்டேன். நீ பதில் சொல்றதுக்குப் பதினேழு வருஷம் ஆயிருக்குது... வெளக்கெண்ணெ!"